மீட்டரில் ஓப்பன் காட்டினால் சா ஃபில்டர் செத்துவிட்டதா?

குமுளியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பர் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. டவர் ஏறாத போன்களைப் பிரித்தால், வேண்டிய அலைவரிசையை மட்டும் விடும் துணுக்கான சா ஃபில்டர் மீட்டரில் ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று, காட்டுகிறது. அதைத் தூக்கிவிட்டுக் கம்பியால் ஜம்பர் அடித்தால் டவர் வந்துவிடுகிறது. ஆனால் அதே போன் பத்துப் பதினைந்து நாளில் "சூடாகுது, சார்ஜ் நிக்கல" என்று திரும்பி வருகிறது. ஏன் என்பது முதலாவது. மலைக்குக் கீழே கூடலூர், கம்பம் தோட்டங்களிலிருந்து வரும் மோட்டார் ரிமோட்டுகளிலும் தகர டப்பி மாதிரி ஒரு சா இருக்கிறது, அதுவும் இதுவும் ஒன்றா என்பது இரண்டாவது. 5ஜி வந்த பிறகு சா பழைய சரக்காகிவிட்டதா, இனிமேல் அதைப் படித்து என்ன பயன் என்பது மூன்றாவது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல நிலையில் இருக்கும் சா ஃபில்டர் மீட்டரில் ஓப்பன்தான் காட்டும். பெயரே 'சா' என்று இருப்பதாலோ என்னவோ, கடைகளில் எல்லாரும் அதைக் கையில் எடுத்ததுமே செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நீங்கள் கழற்றி எறிந்தவற்றில் பல நல்ல ஃபில்டர்களாக இருந்திருக்கும். மீட்டர் ஏன் அப்படிக் காட்டுகிறது என்று புரிந்தால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

சா என்பது மேற்பரப்பு ஒலியலை என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். உள்ளே இருப்பது ஒரு படிகத் துண்டு. அழுத்தினால் மின்னழுத்தம் தரும், மின்னழுத்தம் கொடுத்தால் நெளியும் வகைப் படிகம். அதன் முகத்தில் அலுமினியத்தால் இரண்டு சீப்புகள் படிய வைக்கப்பட்டிருக்கும். ஒன்றின் பற்களுக்கு இடையில் மற்றதன் பற்கள், ஆனால் எங்கும் தொட்டுக்கொள்ளாமல். இந்தச் சீப்புக்கு ரேடியோ சிக்னல் வந்ததும் படிகத்தின் முகம் அதே அதிர்வெண்ணில் நெளிந்து, நீர்மேல் ஓடும் அலை மாதிரி ஒரு சிற்றலை ஓடும். மறுபக்கம் இருக்கும் இன்னொரு சீப்பு அந்த நெளிவைத் திரும்பவும் மின்சாரமாக்கும். பற்களின் இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளம் மட்டும்தான் வலுவாகக் கடக்கும், மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வடிகட்டுவது அவ்வளவுதான். திடப்பொருளின் முகத்தில் இப்படி அலை ஓடும் என்று ராலே பிரபு 1885-இல் கணக்கிட்டுச் சொன்னார். அதைச் சீப்பு வைத்துக் கிளப்பும் வழியைப் பெர்க்லியில் ஒயிட், வோல்ட்மர் என்ற இருவர் 1965-இல் காட்டினார்கள். பழைய கலர் டிவியின் ஐஎஃப் பகுதியில் ஐந்து காலுடன் நின்றதே, 38.9 மெகாஹெர்ட்ஸ் சா ஃபில்டர், அது இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

இந்த அலை விநாடிக்கு 3,000 முதல் 4,000 மீட்டர்தான் ஓடும். காற்றில் போகும் ரேடியோ அலையைவிடக் கிட்டத்தட்ட லட்சம் மடங்கு மெதுவு. 1,800 மெகாஹெர்ட்ஸ் சிக்னலின் அலைநீளம் காற்றில் சுமார் 16.7 சென்டிமீட்டர், படிகத்தின்மேல் சுமார் 2.2 மைக்ரோமீட்டர். அதனால்தான் ஒரு டப்பா அளவு இருக்க வேண்டிய வடிகட்டி 1.1 × 0.9 மில்லிமீட்டர் துணுக்குக்குள் அடங்குகிறது. ஒவ்வொரு பல்லின் அகலமும் அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது அரை மைக்ரோமீட்டரை ஒட்டி. தலைமுடியின் குறுக்கே நூறு பல் வைக்கலாம். தொடாத இரண்டு சீப்பு என்றால் நேர்மின்சாரத்துக்கு அது சில பைக்கோஃபாரட் கெபாசிட்டர் மட்டுமே. மீட்டர் ஓப்பன் காட்டாமல் வேறென்ன செய்யும்? சந்தேகப்பட வேண்டியது ஷார்ட் காட்டினால்தான். அதையும் ஃபில்டரைக் கழற்றிய பிறகு பார்க்க வேண்டும். போர்டில் இருக்கும்போது பக்கத்தில் கிரவுண்டுக்குப் போகும் மேட்சிங் காயில் இருந்தால் அது எப்போதும் ஷார்ட் மாதிரியே தெரியும்.

ஷார்ட் எப்படி ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1,800 மெகாஹெர்ட்ஸில் அந்த அலுமினியப் பற்கள் விநாடிக்கு 180 கோடி முறை குலுக்கப்படுகின்றன. குலுக்கலும் சூடும் சேர்ந்தால் உலோகத்தின் நுண்மணிகள் இடம்பெயரும். ஒரு பக்கம் குழி விழும், இன்னொரு பக்கம் மேடு கிளம்பும். மேடு பக்கத்துப் பல்லைத் தொட்டால் ஷார்ட். குழி ஆழமானால் பல்லே அறுந்துபோகும், அப்போது மீட்டரில் எந்த மாற்றமும் தெரியாது. இந்தத் தேய்மானத்தைக் குறைக்கத்தான் அலுமினியத்தில் கொஞ்சம் செம்பு கலப்பதும், அடியில் டைட்டானியப் படலம் போடுவதும், அனுப்பும் பாதையில் ஒரு ரெசனேட்டருக்கு (ஒரே அதிர்வெண்ணில் வலுவாக அதிரும் உறுப்பு) பதிலாக இரண்டு மூன்றைத் தொடராக வைத்துச் சுமையைப் பங்கிடுவதும். ஆக, அடிக்கடி சாவது அனுப்பும் பாதையில் உள்ள டூப்ளெக்ஸர், அதாவது ஒரே ஆன்டெனாவில் அனுப்புவதையும் வாங்குவதையும் பிரிக்கும் இரட்டை ஃபில்டர். வாங்கும் பாதை ஃபில்டர்கள் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. தண்ணீர் போனது, போன் விழுந்து சோல்டர் விரிந்தது, ஹாட் ஏர் காட்டியவர் அவசரப்பட்டது என்று வெளிக் காரணங்களால் போகும்.

சூட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. போன்களில் பரவலாகப் பயன்பட்ட படிகம் லித்தியம் டேண்டலேட். ஒரு டிகிரி சூடு ஏறினால் அதன் அதிர்வெண் பத்து லட்சத்தில் சுமார் 40 பங்கு கீழே இறங்கும். 60 டிகிரி ஏறினால் 2,400 பங்கு. பேண்ட் 3 என்ற அலைவரிசைத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். போன் அனுப்புவது 1,710 முதல் 1,785 வரை, வாங்குவது 1,805 முதல் 1,880 வரை, நடுவில் 20 மெகாஹெர்ட்ஸ் வேலி. சூட்டில் ஃபில்டரின் விளிம்பு நகர்வது 4.3 மெகாஹெர்ட்ஸ். வேலியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சூடே தின்றுவிடுகிறது. உற்பத்தியில் வரும் ஏற்ற இறக்கம் தனி. பேண்ட் 8-இல் 915-க்கும் 925-க்கும் நடுவே 10 மெகாஹெர்ட்ஸ்தான், அங்கும் 2.2 நகர்ந்துவிடும். இதில் ஒரு வில்லங்கம்: விளிம்பு கீழே இறங்கும்போது அனுப்பும் அலைவரிசையின் மேல் முனை அந்தச் சரிவில் மாட்டுகிறது, இழப்பு கூடுகிறது, இழந்தது சூடாகிறது, சூடு விளிம்பை இன்னும் இறக்குகிறது. முழு பவரில் தொடர்ந்து வேலை செய்யும் போனில் இந்தச் சுழல்தான் ஃபில்டரின் ஆயுளைக் குறைக்கிறது.

எல்லைக்கடைகளுக்கு இந்தப் பழுது அதிகம் வருமா என்பதையும் இங்கேயே பார்க்கலாம். எல்டிஇ போனின் உச்ச பவர் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். டவர் பக்கத்தில் இருந்தால் அதில் நூறில் ஒரு பங்குகூடப் போதும். மலைப்பாதை வளைவுகளில், தமிழ்நாட்டு வட்டத்தின் டவர் கைவிட்டு கேரள வட்டத்தின் டவரைப் பிடிக்கும் இடங்களில், போன் உச்சத்திலேயே நிற்கும். தமிழ்நாடு, கேரளம் இரண்டும் தனித்தனி உரிம வட்டங்கள். ஒரே கம்பெனிக்கும் இரண்டிலும் ஒரே பேண்டில் ஒரே அளவு அலைவரிசை இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே போன் அடிக்கடி தேடும், தாவும், உரக்கக் கத்தும். டூப்ளெக்ஸரில் 2 டெசிபெல் இழப்பு என்றால் 200 மில்லிவாட் வெளியே போக பிஏ (அனுப்பும் சிக்னலைப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயர்) 316 மில்லிவாட் தள்ள வேண்டும். நடுவே தொலையும் 116 மில்லிவாட் சுண்டுவிரல் நகத்தின் ஓரம் அளவுகூட இல்லாத துணுக்கில் சூடாகிறது. எல்லையில் சூடு கூடும் என்பது உறுதி. அதனாலேயே உங்கள் கடைக்கு வரும் பழுது எண்ணிக்கை கூடுகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. பேட்டரி தேய்ந்து மின்னழுத்தம் சரிவது, மழைக்கால ஈரம் இரண்டும் இதே அறிகுறியைத்தான் காட்டும்.

இனி ஜம்பர். வாங்கும் பாதையில் ஃபில்டரைத் தூக்கிவிட்டு உள்ளே வெளியே இரண்டு பேடையும் கம்பியால் இணைத்தால் டவர் வருவது உண்மைதான், தடையாக இருந்ததை எடுத்தாயிற்றே. வேலியும் போயிற்று. இப்போது பக்கத்துக் கம்பெனி டவர், சொந்தப் போனே அனுப்பும் சிக்னல், வைஃபை எல்லாம் ஒன்றாக எல்என்ஏ (வாங்கிய மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) வாயிலில் விழும். அது திணறும். கட்டை நிறையக் காட்டும், டேட்டா ஓடாது. தவறிய தகவலைத் திரும்பத் திரும்பக் கேட்டும் அனுப்பியும் சார்ஜ் கரையும். வெறும் கம்பிக்கு இன்னொரு குறையும் உண்டு: ஃபில்டர் நேர்மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது, கம்பி தடுக்காது. எல்என்ஏவை இயக்கும் பயாஸ் மின்னழுத்தம் போகக் கூடாத இடத்துக்குப் போகலாம். பழைய போர்டுகளில் ஒரு உள்வாயிலும் இரண்டு எதிரெதிர் வெளிவாயிலும் உள்ள ஃபில்டர்கள் உண்டு. அதில் ஒரு காலை மட்டும் இணைத்தால் பாதி சிக்னல், தப்பான இம்பீடன்ஸ். டூப்ளெக்ஸரில் ஜம்பர் அடிப்பது இதையெல்லாம் விட மோசம். பிஏ தள்ளும் பவரை நேராக எல்என்ஏ வாயில் ஊற்றுகிறீர்கள், பிஏவுக்கும் தான் எதிர்பார்த்த சுமை கிடைக்காமல் அது கொதிக்கிறது. பதினைந்து நாளில் திரும்பி வந்த போன்கள் பெரும்பாலும் இந்த ரகமாக இருக்கும் என்பது என் ஊகம், போர்டைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல முடியாது. ஜம்பர் அடித்தே ஆக வேண்டும் என்றால் வாங்கும் பாதையில் மட்டும், கம்பிக்குப் பதில் 33 முதல் 100 பைக்கோஃபாரட் கெபாசிட்டர் வைத்து, சோதனைக்காக மட்டும் செய்யுங்கள். டவர் ஏறினால் பழுது ஃபில்டரிலோ அதன் சோல்டரிலோ இருக்கிறது என்று அர்த்தம். உடனே எடுத்துவிட்டு, முதலில் பழைய ஃபில்டரையே புதுச் சோல்டரில் உட்கார வைத்துப் பாருங்கள்.

பிரிக்கும் முன்பே பழுதின் இடத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதே மாடல் நல்ல போன் ஒன்று, ஒரே சிம், ஒரே மேசை. நெட்வொர்க் தேர்வைக் கைமுறைக்கு மாற்றி ஒரே வட்டத்தில் நிறுத்துங்கள். குமுளியில் இதைச் செய்யாவிட்டால் ஒரு போன் தமிழ்நாட்டு டவரையும் இன்னொன்று கேரள டவரையும் பிடித்து உங்களை ஏமாற்றும். சர்வீஸ் மெனுவில் பேண்டும், டவர் சிக்னலின் வலிமையைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி அளவும் தெரியும். மைனஸ் 80 நல்லது, மைனஸ் 110 மெலிவு. எல்லா பேண்டிலும் ஒரே அளவு குறைவு என்றால் ஆன்டெனா, கோஆக்ஸ் வயர், ஆன்டெனா சுவிட்ச் பக்கம் பாருங்கள், ஃபில்டரைத் தொடவே வேண்டாம். ஒரே ஒரு பேண்ட் மட்டும் 15, 20 டெசிபெல் குறைந்தால் அந்த பேண்டின் ஃபில்டர் அல்லது டூப்ளெக்ஸர். ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்தும் கால் போகவில்லை என்றால் அனுப்பும் பாதை. ஃபில்டரைத் தனியாக அளக்க ஆசைப்பட்டால் 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் சிறிய நானோவிஎன்ஏ வகை அளவுக் கருவி போதும். பழைய போனின் ஆன்டெனா கோஆக்ஸ் வயரை இரண்டாக வெட்டி, அதன் நுனியில் காலிபரேஷன் செய்து, பின்னலைப் பக்கத்துக் கிரவுண்டில் ஒட்டி அளக்கலாம். நல்ல வாங்கும் ஃபில்டர் தன் அலைவரிசையில் 1.5 முதல் 3 டெசிபெல் இழக்கும், வெளியே 30 டெசிபெல்லுக்கு மேல் சரியும். 900 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும் மலிவு நானோவிஎன்ஏவை வைத்து பேண்ட் 3, பேண்ட் 40 ஃபில்டர்களைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது, இந்தப் படிகங்கள் சூடு மாறினாலே மின்னேற்றம் பெறும். திடீரென்று ஹாட் ஏர் காட்டினால் பற்களுக்கு நடுவே பொறி பறந்து ஃபில்டர் அங்கேயே முடிந்துவிடும். இதற்காகவே படிகத் தகட்டை வேதிமுறையில் கறுக்க வைத்து மின்னேற்றம் கசிந்துபோகும்படி செய்கிறார்கள். ஆனாலும் ஆபத்து முழுக்கப் போய்விடாது. கீழிருந்து 120 முதல் 150 டிகிரி முன்சூடு, மேலே குறைந்த காற்று, சூடு விநாடிக்கு 3 டிகிரிக்கு மேல் ஏறாமல், 260 டிகிரியில் பத்து விநாடியைத் தாண்டாமல் முடியுங்கள். சோல்டர் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும், அதிகம் வைத்தால் துணுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். புள்ளிக்குறியைப் பார்த்து வையுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டியில் போர்டைப் போட வேண்டாம், படிகத்தின் முகத்துக்கு மேல் காலி இடம் விட்டு மூடிய டப்பி அது. அதிர்வில் மூடி விரிந்து ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கும். டோனர் போர்டிலிருந்து (உதிரிக்காக வைத்திருக்கும் பழைய போர்டு) எடுத்தால் அதே போர்டு எண்ணிலிருந்து எடுங்கள். அளவு ஒன்றாக இருப்பதால் மட்டும் பேண்ட் 1-ம் பேண்ட் 3-ம் ஒன்றாகிவிடாது.

மோட்டார் ரிமோட்டில் இருப்பது அதே குடும்பம், வேறு வேலை. ஆர்433 என்று எழுதிய மூன்று கால் டப்பி ஃபில்டர் அல்ல, ரெசனேட்டர். ஒரு டிரான்சிஸ்டரைச் சரியாக 433.92 மெகாஹெர்ட்ஸில் பாட வைப்பது அதன் வேலை. படிகமும் வேறு, குவார்ட்ஸ். அலை வேகம் விநாடிக்கு 3,158 மீட்டர், பல் 1.8 மைக்ரோமீட்டர். குவார்ட்ஸை எஸ்டி என்ற கோணத்தில் வெட்டினால் அறை வெப்பத்தை ஒட்டி அதிர்வெண் கிட்டத்தட்ட அசையாது. 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனாலும் நகர்வது சுமார் 17 கிலோஹெர்ட்ஸ், உற்பத்தியில் அனுமதிக்கும் 75 கிலோஹெர்ட்ஸ் பிழையைவிட மிகக் குறைவு. அதனால் "வெயில் ஏறினா ரிமோட் எடுக்கல" என்று தோட்டக்காரர் சொன்னால் டப்பியை மாற்றாதீர்கள். மலிவு ரிசீவர்களில் காயிலும் கெபாசிட்டரும் வைத்துத்தான் டியூன் செய்திருப்பார்கள், வெயிலில் நகர்வது அதுதான். 12 வோல்ட் சிறு பேட்டரியையும், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் சுருட்டி வைத்த ஆன்டெனா வயரையும் முதலில் பாருங்கள். 433.92 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை வயர் சுமார் 17 சென்டிமீட்டர், தகரப் பெட்டிக்கு வெளியே நேராக நிற்க வேண்டும். டப்பி மாற்றியே ஆக வேண்டும் என்றால் எண்ணைச் சரிபாருங்கள். 315 என்று ஒரு ரகம், 433.42 என்று ஒரு ரகம் உண்டு. புது ரிமோட்டுகள் பலவற்றில் இந்த டப்பியே இருக்காது, 13.56 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை ஐசி 32 மடங்காக்கி 433.92 ஆக்கிவிடுகிறது. சா தோற்றுக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது இந்த ரிமோட்தான்.

போனில் நிலைமை நேர்மாறு. புதுமை எல்லாம் இரண்டு நோய்களுக்கு, அதாவது மேலே சொன்ன சூட்டு நகர்வுக்கும், படிகத்துக்குள் அலை கசிவதற்கும், கண்ட மருந்துதான். முதல் மருந்து சிலிக்கா பூச்சு. பெரும்பாலான பொருள்கள் சூட்டில் தளரும், சிலிக்கா எதிராக விறைக்கும். பற்களுக்கு மேல் அதைப் பூசினால் படிகம் கீழே இழுப்பதை அது மேலே இழுத்துச் சமன் செய்யும். டிசி-சா என்று சொல்வது இதைத்தான். 40 என்ற நகர்வு 20-ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ வந்தது. ஆனால் பூச்சின் கனம் கொஞ்சம் பிசகினாலும் அதிர்வெண் பிசகும், படிகத்தின் மின்-ஒலிப் பிணைப்பும் (மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் திறன்) குறையும். அதனால் அகலமான பேண்டுகளுக்குச் சிரமம்.

இரண்டாவது மருந்து இன்னும் அழகானது. லித்தியம் டேண்டலேட்டில் போன்களுக்குப் பயன்படுத்தும் வெட்டில் அலை முழுக்க மேற்பரப்பிலேயே நிற்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் படிகத்தின் ஆழத்துக்குள் கசிகிறது. ஓட்டைக் குடம் மாதிரி. கனமான படிகத்துக்குப் பதில் ஒரு அலைநீளத்தை ஒட்டிய மெல்லிய ஏட்டை எடுத்து, அடியில் சிலிக்கா, அதற்கும் அடியில் ஒலி வேகமாக ஓடும் சிலிக்கான் போன்ற தகடு என்று அடுக்கினால் என்ன ஆகும்? மேலே ஓடும் மெதுவான அலைக்கு அடியில் உள்ள வேகமான பொருளுக்குள் இறங்க வழி இல்லை, ஏட்டுக்குள்ளேயே சிக்கி நிற்கும். சிலிக்கான் சூட்டில் குறைவாக விரிவதால் மேலே உள்ள ஏட்டின் விரிவையும் பிடித்து நிறுத்தும், சூட்டையும் நன்றாகக் கடத்திவிடும். ஒரே அடுக்கில் இரண்டு நோய்க்கும் மருந்து. முராட்டா நிறுவனத்தின் ஐஎச்பி சா இந்த வழி. 1,000-ஐ ஒட்டி இருந்த கியூ மதிப்பு (அதிகமானால் ஆற்றல் வீணாவது குறைவு) 4,000-ஐ எட்டியது, சூட்டு நகர்வு டிகிரிக்கு 8 பங்கை ஒட்டி வந்தது. குவால்காம் 2020-இல் அறிவித்த அல்ட்ராசாவும் இதே மெல்லேட்டுக் குடும்பம், 600 முதல் 2,700 மெகாஹெர்ட்ஸ் வரை, இழப்பில் ஒரு டெசிபெல் மிச்சம் என்றார்கள். அந்த ஏட்டைச் சீவிச் சிலிக்கான்மேல் ஒட்டிய தகடுகளை சோய்டெக் என்ற பிரெஞ்சு நிறுவனம் தயாரித்து விற்கிறது. இந்த எண்கள் நிறுவனங்களே சொன்னவை என்பதை நினைவில் வையுங்கள். கியூ 4,000 என்பது தனி ரெசனேட்டரில் அளந்தது, போனுக்குள் இருக்கும் முழு ஃபில்டரில் அது அப்படியே கிடைக்காது. அடுக்கு வேலை செய்யும் இயற்பியலில் மட்டும் சந்தேகம் இல்லை.

ஒரு டெசிபெல் என்றால் சும்மா இல்லை. முன்பு போட்ட கணக்கையே எடுங்கள்: இழப்பு 2-க்குப் பதில் 1 டெசிபெல் என்றால் பிஏ 316-க்குப் பதில் 251 மில்லிவாட் தள்ளினால் போதும், ஃபில்டரில் தொலைவது 116-இலிருந்து 51 ஆகிறது. எல்லையில் டவர் தேடி முழு பவரில் நிற்கும் போனுக்கு இது பேட்டரியிலும் சூட்டிலும் நேரடியாகத் தெரியும். இன்னொரு உதாரணம் நம் நாட்டுக்கே பொருந்துவது. பேண்ட் 40 என்பது 2,300 முதல் 2,400 மெகாஹெர்ட்ஸ். வைஃபையின் முதல் சேனல் 2,401-இலேயே தொடங்கிவிடுகிறது. ஒரே சுவரைப் பகிர்ந்த இரண்டு வீடு. பழைய லித்தியம் டேண்டலேட்டில் 60 டிகிரிக்கு 5.8 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்தால் சுவரே பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். 8 பங்கு நகர்வில் அது 1.2-க்குள் நிற்கிறது.

5ஜியைப் பொறுத்தவரை, எந்த அலைவரிசை என்பதைப் பொறுத்து விடை மாறும். 700 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 28, சாவுக்குச் சொந்த ஊர். அனுப்புவதும் வாங்குவதும் 45 மெகாஹெர்ட்ஸ் அகலம், நடுவே 10 மட்டும் என்பதால் அதை இரண்டாகப் பிரித்து இரண்டு டூப்ளெக்ஸர் போடுவதும் உண்டு. அங்கே சா குறையவில்லை, கூடியிருக்கிறது. என்78, அதாவது 3,300 முதல் 3,800, வேறு கதை. 3,500-இல் பல்லின் அகலம் 0.28 மைக்ரோமீட்டருக்கு இறங்கும். அவ்வளவு மெல்லிய பல்லில் மின்தடை கூடும், பவர் தாங்காது, வரைவதற்கும் விலை உயர்ந்த கருவி வேண்டும். அங்கே படிகத்தின் கனத்துக்குள் மேலும் கீழும் அதிரும் பிஏடபிள்யூ ஃபில்டர்களோ, பீங்கான் அடுக்கு ஃபில்டர்களோ வருகின்றன. அலுமினியம் நைட்ரைடில் ஸ்காண்டியம் கலந்தால், அழுத்தினால் மின்சாரம் தரும் குணம் பல மடங்கு கூடும் என்று 2009-இல் ஜப்பானில் கண்டது பிஏடபிள்யூவுக்குப் பெரிய ஊட்டம். நடைமுறையில் 2.7 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கோடு போடலாம், கீழே சா மலிவும் நல்லதும், மேலே மற்றவை. இந்தக் கோடு நிலையானதா என்பதுதான் சந்தேகத்துக்குரியது. சிலிக்கான் கார்பைடின்மேல் லித்தியம் நயோபேட் ஏடு வைத்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மேலும் ஆய்வகங்களில் எடுத்துக் காட்டிவிட்டார்கள். சீப்பைச் சாவைப் போலவே வைத்து, தொங்கும் மெல்லேட்டைக் கனத்தில் அதிர வைக்கும் எக்ஸ்பார் என்ற கலப்பு வழியை உருவாக்கிய ரெசனன்ட் நிறுவனத்தை முராட்டா 2022-இல் வாங்கியது. ஆய்வகத்தில் ஒரு துணுக்கு ஓடுவதற்கும் கோடிக்கணக்கில் ஒரே மாதிரி அச்சடிப்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது இத்துறையில் எல்லாருக்கும் தெரிந்ததே.

வடிகட்டுவதை விட்டு வேறு பக்கமும் சா வளர்கிறது. பேட்டரியே இல்லாத வயர்லெஸ் வெப்பமானி அதில் ஒன்று. ரீடர் அனுப்பும் துடிப்பைத் துணுக்கு வாங்கி, ஐந்து மில்லிமீட்டர் ஓடவிட்டு, பிரதிபலித்துத் திருப்பி அனுப்ப மூன்று மைக்ரோவிநாடி போல ஆகும். அதற்குள் சுவரிலும் இரும்பிலும் பட்டு வரும் எதிரொலிகள் அடங்கிவிடும், அதனால் பதில் தனியாகக் கேட்கும். சூடு ஏறினால் தாமதம் மாறும், அதுவே அளவு. போனில் நோயாக இருந்தது இங்கே வேலைக்காரனாகிவிட்டது. மின்நிலையங்களின் உயர் அழுத்தப் பஸ்பார் போல வயர் இழுக்க முடியாத இடங்களுக்கு இது பொருத்தம். குவார்ட்ஸ் 573 டிகிரியில் வடிவம் மாறிவிடும் என்பதால் உலை வெப்பத்துக்கு லாங்கசைட் என்ற படிகம்.

படித்து என்ன பயன் என்றீர்கள். புது போன்களில் சா குறையவில்லை, கண்ணில் படுவதுதான் குறைகிறது. பிஏ, சுவிட்ச், நான்கைந்து டூப்ளெக்ஸர் எல்லாம் ஒரே மாட்யூலுக்குள் போய்விட்டன. உள்ளே ஒரு டூப்ளெக்ஸர் போனாலும் மாட்யூலை முழுசாக மாற்றுவதைத் தவிர வழியில்லை, அதற்கு ஜம்பரும் கிடையாது. ஸ்கீமேட்டிக்கில் எந்த பேண்ட் எந்த மாட்யூல் வழியாகப் போகிறது என்று படிக்கத் தெரிந்தவர் ஒரு மாட்யூலோடு முடிப்பார், தெரியாதவர் மூன்றை மாற்றிப் பார்ப்பார். இப்போது மேசையில் இருக்கும் அந்தத் திரும்பி வந்த போனுக்கு, பிரிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பேண்ட் 40-இல் நிறுத்தி, ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் போட்டு இன்னொரு போனில் வேகம் பாருங்கள். பிறகு ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். முதலில் இழுத்துக்கொண்டு, மாற்றியதும் வேகம் பல மடங்கு ஏறினால், அந்த ஜம்பர் பேண்ட் 40 பாதையிலோ வைஃபை பாதையிலோ இருக்கிறது. அந்த ஃபில்டரை வாங்கிப் போடுங்கள். இரண்டிலும் ஒரே வேகம் என்றால் பேண்ட் 3, பேண்ட் 8 டூப்ளெக்ஸர் பக்கம் போங்கள்.